கழிவறை அடைத்துக்கொண்டால்: சோடா ஆப்பியைத் தொடுமுன் செய்ய வேண்டியவை

கழிவறையில் தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி வந்தால் கை தானாக ஃபிளஷ் பட்டனுக்குத்தான் போகும். இன்னொரு தடவை இழுத்தால் போய்விடும் என்று தோன்றும். போகாது. முதல் தடவை இறங்காத தண்ணீர் இரண்டாவது தடவை தரையில்தான் வழியும். அதனால் முதல் வேலை, ஃபிளஷ் தொட்டிக்குப் போகும் சின்ன வால்வை வலப்பக்கமாகத் திருகி மூடுவது. தொட்டிக்குக் கீழே சுவரோரமாக இருக்கும். மூடிவிட்டு, வீட்டில் இருக்கும் எல்லாரிடமும், முக்கியமாகப் பிள்ளைகளிடம், யாரும் இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, சோடா ஆப்பி (காஸ்டிக் சோடா) டப்பாவை எடுக்காதீர்கள். நம் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் அடைப்பு என்று சொன்ன உடனே எடுத்து நீட்டுவது அதைத்தான். அது பல் பிரஷ்ஷைக் கரைக்காது, சானிட்டரி பேட்டைக் கரைக்காது, பிளாஸ்டிக்கைக் கரைக்காது. தண்ணீர் பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடேறும். அடைப்பு விடாவிட்டால் அந்தக் காரத் தண்ணீர் அப்படியே பீங்கானில் தேங்கி நிற்கும். அதற்குப் பிறகு யார் பம்பு (கம்பு வைத்த ரப்பர் கிண்ணம்) போட்டாலும், யார் கம்பி விட்டாலும், ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உதவிக்கு வருகிற பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அதில் என்ன ஊற்றியிருக்கிறது என்று தெரியாது. இதனால்தான் ஊற்றுவதைக் கடைசியில் கூட வைக்காமல், பட்டியலிலிருந்தே எடுத்துவிடச் சொல்கிறேன்.

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு முதன்முதலாக மாறி வருபவர்களையும், கல்யாணமாகிப் புதிதாக வாடகை வீடு எடுத்தவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். லயத்தில் இருந்தவரை அடைப்பு என்றால் ஆபீசில் சொன்னால் யாராவது ஆள் வருவார். தாமானில் குழாயும் உங்களுடையது, கழிவுத் தொட்டியும் உங்களுடையது. எது எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அடைப்பு எடுப்பதில் கைபலத்தைவிட, அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய காரியம்.

கழிவு போகும் வழி

பீங்கானுக்கு உள்ளேயே ஒரு வளைவு இருக்கிறது. யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கி, ஏறி, மறுபடி இறங்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்பதால்தான் கழிவுத் தொட்டியின் வாடை வீட்டுக்குள் வருவதில்லை. மொத்தப் பாதையிலும் மிகக் குறுகலான இடம் அதுதான், இரண்டு அங்குலச் சொச்சம். அதைத் தாண்டிவிட்டால் நான்கு அங்குலக் குழாய். ஆகவே சோப்புக் கட்டி, பல் பிரஷ், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போன்ற கெட்டியான பொருள்கள் பெரும்பாலும் வளைவிலேயே மாட்டிக்கொள்ளும். துணி, பேட், ஈரத் துடைப்பான் போன்ற மெத்தென்ற பொருள்கள் வளைவை நெளிந்து தாண்டி, கீழே குழாய் இணைப்பில் போய்ச் சிக்கி, தண்ணீரை உறிஞ்சி உப்பி உட்கார்ந்துவிடும்.

குழாய் வீட்டை விட்டு வெளியே வந்ததும் ஒரு மேன்ஹோலில் சேரும். சிமெண்ட் மூடியோ இரும்பு மூடியோ போட்டிருக்கும். குசினிக்குப் பின்னால், அல்லது வீட்டுப் பக்கவாட்டில் தேடிப் பாருங்கள். சில வீடுகளில் அதன் மேல் பூந்தொட்டியோ துணி துவைக்கும் மேசையோ ஏறியிருக்கும். புதிதாகக் குடிவந்த வாரமே அது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் இரண்டு வகை. புதிய தாமான்களில் எல்லா வீட்டுக் கழிவும் பின் சந்தில் போகும் பொதுக் குழாயில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். பழைய தாமான்களிலும் கம்பத்து (கிராமத்து) வீடுகளிலும் வீட்டுக்கு வீடு மண்ணுக்கடியில் செப்டிக் டேங்க் உண்டு. பெரும்பாலான செப்டிக் டேங்க் வீடுகளில் கழிவறைத் தண்ணீர் மட்டும்தான் தொட்டிக்குப் போகும். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் நேராக வெளியே சாக்கடைக்குப் போய்விடும். இது ஏன் முக்கியம் என்று அடுத்ததில் தெரியும்.

அடைப்பு எங்கே?

கையுறை மாட்டிக்கொள்ளும் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

நேற்று வரை ஒழுங்காகப் போய், இன்று திடீரென்று நின்றுவிட்டதா? அப்படியானால் ஏதோ ஒரு பொருள் விழுந்திருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் உண்மை வராது, என்ன பொருள் என்று தெரிவது உங்களுக்கு மிகவும் உதவும். அப்படியில்லாமல் ஒரு மாதமாகவே மெல்ல மெல்ல மந்தமாகி வந்திருந்தால், வளைவில் உப்புப் படிந்திருக்கலாம், குழாயில் கொழுப்பு ஒட்டியிருக்கலாம், அல்லது தொட்டி நிறைந்திருக்கலாம்.

வீட்டில் இரண்டு கழிவறை இருந்தால் இன்னொன்றில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது சரளமாக இறங்கினால் கோளாறு முதல் கழிவறையோடு நின்றுவிட்டது. இரண்டும் மந்தம் என்றால் இரண்டும் சேருகிற இடத்துக்குக் கீழே அடைத்திருக்கிறது. பொதுக் குழாயில் சேரும் புதிய வீடுகளில் குளியலறைத் தரை ஓட்டையையும் கவனிக்கலாம். கழிவறையில் ஊற்றும்போது தரை ஓட்டையில் குமிழி வந்தாலோ தண்ணீர் ஏறினாலோ அடைப்பு வெளியே, பெரிய குழாயில். செப்டிக் டேங்க் வீட்டில் இந்தச் சோதனை செல்லாது. தரைத் தண்ணீர் போகும் வழியே வேறு என்பதால், தரை ஓட்டை நன்றாக ஓடும், தொட்டி நிரம்பியும் இருக்கும். இதைப் பார்த்து ஏமாந்து, பீங்கானிலேயே பம்பு போட்டு நாள் முழுக்கக் கை ஓய்ந்து போனவர்கள் நிறையப் பேர்.

கடைசி சோதனைதான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லும். வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் மேன்ஹோல் மூடியைத் திறப்பது. விளிம்பில் மண் இறுகியிருக்கும்; பழைய ஸ்குருடிரைவரால் சுற்றிலும் சுரண்டி, மண்வெட்டி முனையை விட்டு நெம்பி, மூடியைத் தூக்காமல் பக்கவாட்டில் தள்ளுங்கள். இரண்டு பேராகச் செய்வது நல்லது. சிகரெட், கொசுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. திறந்ததும் குனிந்து முகத்தை உள்ளே நீட்டாமல், காற்று வரும் பக்கமாக நின்று கொஞ்ச நேரம் விடுங்கள்.

உள்ளே அடியில் அரைவட்டமாக ஒரு வாய்க்கால் தெரியும். அது காய்ந்து கிடந்தால், அடைப்பு கழிவறைக்கும் இந்த மேன்ஹோலுக்கும் நடுவில். பம்பும் ஸ்பிரிங்கும் (சுற்றி விடும் சுருள் கம்பி) பலன் தரும். மேன்ஹோலே தண்ணீர் நிறைந்து நின்றால் அடைப்பு இதற்கு அப்பால். பீங்கானில் எவ்வளவு பாடுபட்டாலும் வீண். எந்த வேலையை எடுப்பது என்பதை இந்த ஒரு பார்வைதான் தீர்மானிக்கிறது.

வேண்டிய சாமான்கள்

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணாடி (சாதாரண மூக்குக் கண்ணாடியாக இருந்தாலும் பரவாயில்லை), ஒரு வாளி, பழைய துணி, பழைய பேப்பர், பம்பு, ஸ்பிரிங். தரையில் பேப்பரை விரித்து வையுங்கள். ஜன்னலைத் திறங்கள்.

பம்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று வெறும் ரப்பர் கிண்ணம், அது சிங்குக்கும் தரை ஓட்டைக்கும் உரியது. இன்னொன்றில் கிண்ணத்துக்குக் கீழே மடிப்பு மாதிரி இன்னொரு ரப்பர் வாய் நீண்டிருக்கும். உட்காரும் கழிவறையின் ஓட்டைக்குள் பொருந்துவது அதுதான். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, வேலையில் இருக்கும். குந்தும் பீங்கான் வைத்திருப்பவர்கள் ஓட்டையை முழுதாக மூடுகிற அகலத்தில் வெறும் கிண்ண வகையை எடுத்தால் போதும். வீட்டில் இரண்டு வகைக் கழிவறையும் இருந்தால் இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

முதலில் சோப்பும் சூடும்

மேன்ஹோல் காய்ந்திருந்து, விழுந்தது கெட்டிப் பொருள் இல்லை என்று தெரிந்தால் இதிலிருந்து தொடங்கலாம். பீங்கானில் தண்ணீர் விளிம்பு வரை இருந்தால் பழைய போணியால் கொஞ்சம் மொண்டு வாளியில் எடுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு அரைக் கிளாஸ் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டில் அரை வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். அரை மணி நேரம் போகட்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பீங்கான் விரிசல் விட்டுவிடும். காகிதமும் மலமும் சேர்ந்து இறுகிய சாதாரண அடைப்பு ஊறி வழுக்கி, தானாகவே இறங்கிவிடுவது உண்டு. இறங்காவிட்டாலும் அடுத்த வேலை சுலபமாகும்.

பம்பு போடும் முறை

பலரும் பம்பைக் குத்துகிறார்கள். மேலிருந்து ஓங்கிக் குத்தினால் தண்ணீர் முகத்தில் தெறிக்கும், அடைப்பு இன்னும் இறுகும். பம்பின் வேலை இழுப்பதில் இருக்கிறது.

கிண்ணம் முழுவதும் தண்ணீருக்குள் முங்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் வாளியிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள். கிண்ணத்தைச் சாய்த்து இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். பிறகு நிமிர்த்தி ஓட்டையின் மேல் பொருத்துங்கள். விளிம்பில் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொண்டால் நன்றாக ஒட்டும். முதல் அழுத்தம் மிக மெதுவாக. அடுத்து, கிண்ணம் ஓட்டையை விட்டு விலகாமல் மேலே வெடுக்கென்று இழுக்க வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். இப்படி ஒரே தாளத்தில் இருபது தடவை போல் செய்துவிட்டு, கடைசி இழுப்பில் பம்பைச் சட்டென்று எடுத்துவிடுங்கள்.

கை சொல்லும். கம்பு கனமாக நின்று, உள்ளே ஒரு தண்ணீர்த் தூண் முன்னும் பின்னும் அசைவது தெரிந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. மெத்து மெத்தென்று லேசாகப் போனால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது அல்லது விளிம்பு ஒட்டவில்லை. எடுத்து மறுபடி பொருத்துங்கள். அடைப்பு விடும் கணத்தில் அந்தக் கனம் சட்டென்று போய், களக்கென்று ஒரு சத்தம் வரும், தண்ணீர் சுழன்று இறங்கும். முதல் சுற்றில் விடவில்லை என்றால் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். மூன்று நான்கு சுற்று வரை கொடுக்கலாம். பிடிவாதமான அடைப்பு பெரும்பாலும் மூன்றாவது நான்காவது சுற்றில்தான் அசையும்.

தண்ணீர் இறங்கியதும் ஃபிளஷை இழுத்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வாளி என்றால் தண்ணீர் ஏறத் தொடங்கிய உடனே நிறுத்தலாம், ஃபிளஷ் ஒரு தடவை கிளம்பினால் ஆறு லிட்டரும் வந்துதான் ஓயும். மூன்று வாளி ஒன்றன்பின் ஒன்றாக சரளமாக இறங்கினால் மட்டும் வால்வைத் திறங்கள்.

குந்தும் பீங்கானில் ஓட்டை ஓரமாகவும் சாய்வாகவும் இருப்பதால் பம்பு சில சமயம் சரியாக உட்காராது. அதற்குப் பழைய ஆட்கள் செய்யும் வழி ஒன்று உண்டு. நூல் மாப்பின் தலையைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, கழுத்தில் ரப்பரால் இறுக்கிக் கட்டி, அதை ஓட்டைக்குள் விட்டு மெதுவாக அழுத்தி இழுப்பது. ஓட்டையின் வடிவத்துக்கு ஏற்ப அது நெளிந்து அடைத்துக்கொள்ளும். பை கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே விட்டுவிட்டால் அதுவே அடுத்த அடைப்பு.

ஸ்பிரிங்

பம்பில் அசையாதது, அல்லது கெட்டிப் பொருள் விழுந்தது உறுதியாகத் தெரிந்தது, இந்த இரண்டுக்கும் ஸ்பிரிங். கழிவறைக்கென்றே விற்பது ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாயும், அதற்குள் ஓடும் கம்பிச் சுருளும், மேலே ஒரு கைப்பிடியுமாக இருக்கும். முனையில் வளைவுக்கு ரப்பர் உறை போட்டிருப்பார்கள், பீங்கானில் கீறல் விழாமல் இருக்க. சிங்குக்கு விற்கும் மெல்லிய கம்பியை இதற்குப் பயன்படுத்தினால் வளைவிலேயே முறுக்கிக்கொள்ளும். துணி மாட்டும் ஹேங்கரை நீட்டி விடுவதும் வழக்கம்தான். முனையில் துணி சுற்றாமல் விட்டால் பீங்கானின் மினுமினுப்பு கீறும், அந்தக் கீறலில் அழுக்கு பிடித்து நிரந்தரக் கறையாகும்.

ரப்பர் உறை ஓட்டையில் பதிந்திருக்க, கைப்பிடியை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே மெல்லத் தள்ளுங்கள். வளைவில் ஓர் எதிர்ப்பு வரும், அது பீங்கானின் சுவர். பொறுமையாகச் சுற்றினால் தாண்டிவிடும். அடுத்து வரும் எதிர்ப்பு கொஞ்சம் நெகிழ்வாக இருந்தால் அதுதான் அடைப்பு. அங்கே பலமாகத் தள்ளாமல், சுற்றிக் கொடுங்கள். சுருளின் முனை துணியிலோ காகிதத்திலோ மாட்டிக்கொள்ளும். மாட்டியது கையில் தெரிந்ததும் சுற்றுவதை விடாமல் மெதுவாகப் பின்னால் இழுங்கள். டொக்கென்று கல்லில் பட்ட மாதிரி இருந்தால் கெட்டிப் பொருள். அதைத் தள்ளாதீர்கள், தள்ளினால் கீழே இன்னும் மோசமான இடத்தில் போய் மாட்டும். முனையை அதைத் தாண்டி விட்டு இழுக்கப் பாருங்கள். வளைவுக்கு இந்தப் பக்கமே தெரிந்தால் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, கையுறையோடு கையாலேயே எடுத்துவிடலாம்.

கெட்டிப் பொருள் இரண்டாவது முயற்சியிலும் வராவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். பீங்கானைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். குந்தும் பீங்கான் சிமெண்ட்டில் பதித்தது, உடைக்காமல் எடுப்பது கடினம், எனவே இந்த இடத்தில் அனுபவப்பட்ட கை வேண்டும். வருமுன்பே கூலி எவ்வளவு, பீங்கானைக் கழற்ற நேர்ந்தால் எவ்வளவு என்று இரண்டையும் பேசிக்கொள்ளுங்கள்.

மேன்ஹோல் பக்கத்திலிருந்து

மேன்ஹோல் காய்ந்திருக்கிறது, பம்பும் ஸ்பிரிங்கும் கைகொடுக்கவில்லை என்றால் அடைப்பு வெளிக்குழாயில், ஸ்பிரிங்கின் நீளத்துக்கு அப்பால் இருக்கிறது. அப்போது மேன்ஹோலிலிருந்து வீட்டை நோக்கி நீளமான கம்பி விடலாம். பத்து மீட்டர் சுருள் கம்பி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். சில இடங்களில் மூங்கிலை மெல்லப் பிளந்து, விளிம்பு சீவி விடுவார்கள், வளைந்து கொடுக்கும், உடையாது. தள்ளும்போது குழாய்க்கு நேராக நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். மேலே தேங்கியது மொத்தமும் ஒரே பாய்ச்சலில் வரும். வருவதை அப்படியே மறுபக்கம் போகவிடாதீர்கள். பேட், துணி வந்தால் குச்சியால் எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மேன்ஹோலில் அதே கதை.

ரப்பர் குழாயை விட்டுத் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சுவதும் பலன் தரும். ஆனால் குடிக்கிற தண்ணீர்க் குழாயில் மாட்டிய ரப்பர் குழாயின் முனை கழிவுத் தண்ணீரில் முங்கிக் கிடக்கக் கூடாது. தண்ணீர் அழுத்தம் குறைந்தால் கழிவு பின்னோக்கி இழுபடும். வேலை முடிந்ததும் முதலில் வெளியே எடுத்துவிட்டு அப்புறம் குழாயை மூடுங்கள். அந்த ரப்பர் குழாயை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

கம்பியில் மெல்லிய வேர்நார் சுற்றிக்கொண்டு வந்தால் காரணம் வேறு. பழைய வீடுகளில் சுட்ட களிமண் குழாய்தான் பதித்திருப்பார்கள், அதன் இணைப்புகளில் ஈரம் தேடி வேர் நுழையும். குழாய் போகும் வழியில் மாமரமோ முருங்கையோ நிற்கிறதா என்று பாருங்கள். இன்றைக்குக் கம்பி விட்டால் வழி திறக்கும், வேர் மறுபடி வரும். அந்தத் துண்டுக் குழாயை மாற்றுவதுதான் தீர்வு.

மேன்ஹோல் நிறைந்திருந்தால்

பொதுக் குழாய் வீடு என்றால், பின் சந்தில் இருக்கும் பொது மேன்ஹோலும் நிறைந்து வழிகிறதா, பக்கத்து வீட்டிலும் இதே தொல்லையா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால் அடைப்பு பொதுக் குழாயில். பேராக்கில் அதைப் பார்ப்பது இண்டா வாட்டர் என்னும் கழிவுநீர் நிறுவனம். அவர்களுக்குத் தெரிவியுங்கள், பொதுக் குழாயை எடுக்க நீங்கள் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரை போகும் இணைப்புக் குழாய் மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லி, மேன்ஹோலைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னும் தோட்டத்து வீட்டிலேயே இருப்பவர்கள் சொந்தக் காசில் தொட்டியைத் தோண்ட வேண்டாம். தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு ஒரு கடிதமாகவும் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டிக் டேங்க் வீடு என்றால் தொட்டி நிறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும், பலர் வீடு வாங்கிய நாளிலிருந்து எடுத்ததே இல்லை. அடியில் கசடு ஏற ஏற, தண்ணீர் தங்கும் இடம் குறையும். கசடு வெளிவாய்க்குப் போய் அதை அடைக்கும். நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் நிலத்தடித் தண்ணீர் ஏறி, பாதி நிறைந்த தொட்டியும் முழுத் தொட்டியாகிவிடும். அதே சமயத்தில்தான் தீபாவளி. வீடு நிறைய விருந்தாளிகள், பலகாரம் சுட்ட எண்ணெயைக் கழிவறையில் ஊற்றும் பழக்கம் வேறு. எண்ணெய் குழாயில் ஒட்டிக் கெட்டியாகும், அதன் மேல் மற்றதெல்லாம் ஒட்டும். எண்ணெயை ஆறவைத்து, போத்தலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள். கசடு எடுக்கும் லாரியைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கூப்பிட்டுவிடுங்கள். இண்டா வாட்டரைக் கூப்பிடலாம், அல்லது ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அனுமதி பெற்ற லாரியைக் கூப்பிடலாம். அனுமதி இல்லாத லாரி மலிவாக வரும், கசடை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று யாருக்கும் தெரியாது. அது நம் ஊர் ஆற்றில்தான் போய்ச் சேரும்.

கழிவறையில் ரகி (ஈஸ்ட்) போட்டால் கசடு கரைந்துவிடும் என்று சொல்வார்கள். தொட்டியில் வேண்டிய கிருமிகள் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. ரகி கெடுதல் செய்யாது, லாரிக்குப் பதிலாகவும் ஆகாது.

இந்த இடத்தில் ஒன்றை மன்றாடிச் சொல்கிறேன். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து யாரும் உள்ளே இறங்காதீர்கள், தலையை நீட்டாதீர்கள், விழுந்த சாமானை எடுக்கக் கையைக்கூட விடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அடுத்த சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைக் காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். இப்படித்தான் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர் போகிறது. யாராவது விழுந்துவிட்டால் இறங்காமல் 999க்கு அழையுங்கள். லாரி வந்து போன பிறகு மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட மூடியின் மேல் பிள்ளைகள் ஓடக் கூடாது, உடனே மாற்றுங்கள்.

மேன்ஹோலும் காய்ந்து, தொட்டியும் சரியாக இருந்து, கழிவறை மட்டும் களகளவென்று சத்தம் போட்டு மந்தமாக இறங்கினால் கூரைக்கு மேல் போகும் காற்றுக்குழாயைப் பாருங்கள். குருவிக் கூடோ குளவிக் கூடோ வாயை அடைத்திருக்கும்.

வேலை முடிந்ததும்

குளோராக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணீரால் தரையையும் பீங்கானின் வெளிப்பக்கத்தையும் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அன்றைக்கு யாராவது பீங்கானில் டாய்லெட் கழுவும் ஆசிட் ஊற்றியிருந்தால் குளோராக்ஸை அதன் அருகில் கொண்டுபோகவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பம்பையும் ஸ்பிரிங்கையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, ஸ்பிரிங்கில் கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவைக்குள் துருப்பிடித்துவிடும்.

மெல்ல மெல்ல மந்தமான கழிவறை என்றால், அடைப்பு விட்ட அன்று இரவு படுக்கப் போகும் முன் இரண்டு கிளாஸ் வெள்ளை வினிகரை ஊற்றி விடியும் வரை விடுங்கள். குளோராக்ஸ் பட்ட பீங்கானில் அதை ஊற்றாதீர்கள், ஒரு நாள் தள்ளிச் செய்யுங்கள். வளைவில் படிந்த உப்பு இளகும், காலையில் பிரஷ்ஷால் தேய்த்தால் வரும். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

கழிவறைக்குள் ஒரு மூடி போட்ட குப்பைக் கூடை வையுங்கள். பேட், ஈரத் துடைப்பான், பஞ்சு, பல் குத்தும் நூல் எல்லாம் அதில் போகட்டும். ஈரத் துடைப்பான் பொட்டலத்தின் மேல் கழிவறையில் போடலாம் என்று அச்சடித்திருந்தாலும் போடாதீர்கள், அது காகிதம் மாதிரி கரைவதில்லை. இரண்டு பட்டன் ஃபிளஷ் என்றால் கெட்டிக்குப் பெரிய பட்டனையே அமுக்குங்கள். பாதித் தண்ணீரில் போனது பாதி வழியில் நின்றுவிடும்.